இரண்டாவது பரிவட்டம்

ரெங்கசாமி விழுந்தபோது அவர் வலது கைக்குள் ஒரு பிடி மண் இருந்தது. வெட்டு கழுத்தில் விழுந்தது, கால் மடங்கியது, உடம்பு சரிந்தது, ஆனால் அந்தக் கை மட்டும் திறக்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில்தான் விரலைப் பிரித்து மண்ணை எடுத்தார்களாம். அதை ஒரு காகிதத்தில் பொட்டலமாக மடித்து, ரத்தம் காய்ந்த வேட்டி துண்டோடு சேர்த்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பயந்துவிடாதீங்க கண்ணுகளா. இந்தக் கதையில் இன்னும் ரத்தம் இருக்கிறது. வருகிற இடத்தில் கண்ணை வேண்டுமானால் மூடிக்கொள்ளுங்கள், காதை மூடவேண்டாம்.

ஊர் பேர் கருங்குறிச்சி. அன்னவாசலுக்கு மேற்கே நடந்தால் பாறையும் பாறைக்கு நடுவே கொஞ்சம் வயலுமாகக் கிடக்கும். அந்த ஊர் இரண்டு கரை. ஒரே பாட்டன் வழியில் வந்த பங்காளிக் கூட்டத்துக்குத்தான் அங்கே கரை என்று பேர். மேலக்கரை, கீழக்கரை. ஒரு கரைக்குள்ளே எல்லாரும் அண்ணன் தம்பி என்பதால் பெண் கொடுக்கமாட்டார்கள். இந்தக் கரைப் பெண் அந்தக் கரைக்குத்தான் போகவேண்டும். ஆகவே ஊரில் வெட்டு நடந்தால் மாமனும் மச்சானும்தான் வெட்டிக்கொள்ள வேண்டும், வேறு ஆள் கிடையாது.

ஐயனாருக்கு மண்குதிரை செய்து தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோவிலில் வைக்கிற திருவிழாவுக்குப் புரவியெடுப்பு என்று பெயர். குதிரை செய்கிறவர் வேளார், பூசாரியும் அவர்தான். ஆனால் அவராகப் போய் மண் வெட்டிவிட முடியாது. கரைத் தலைவர் கண்மாய்க்குள் இறங்கி ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுக்கவேண்டும். அதுதான் பிடிமண். யார் பிடிமண் கொடுக்கிறாரோ அவர் தலையில்தான் திருவிழா அன்றைக்கு முதல் பரிவட்டம், அதாவது சாமிக்குச் சாத்திய பட்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த காலத்தில் மேலக்கரைக்கு முதலாவது, கீழக்கரைக்கு இரண்டாவது என்று அரண்மனை உத்தரவு இருந்தது. நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை மதராஸ் சர்க்காரோடு சேர்த்தார்கள். அரண்மனையே போனபிறகு அரண்மனை உத்தரவு எதற்கு என்று கீழக்கரை கேட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஐம்பத்தாறாம் வருஷம் கண்மாய்க்குள் பிடிமண் எடுக்கப் போன மேலக்கரைத் தலைவர் ரெங்கசாமியைக் கீழக்கரை ஆட்கள் நாலு பேர் வளைத்தார்கள். அதைத்தான் முதலில் சொன்னேன்.

செங்கமலம் கீழக்கரையில் பிறந்து மேலக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். செத்த ரெங்கசாமி அவள் புருஷன் உடையப்பனின் கூடப்பிறந்த அண்ணன். போலீஸ் பிடித்துப்போன நாலு பேரில் ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அடைக்கலம். மூன்று பேருக்குத் தண்டனை ஆயிற்று. அடைக்கலம் வெட்டியதைப் பார்த்த சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். கோர்ட்டு விட்டது, உடையப்பன் விடவில்லை.

ஆனால் அவன் சந்தையில் பார்த்தான், பஸ்ஸில் பார்த்தான், ஒருநாளும் அடைக்கலத்தின் மேல் கைவைக்கவில்லை. ஊர் வழக்கம் அப்படி. சும்மா போகிறவனை வெட்டினால் அது கொலை. மரியாதைச் சண்டை மூண்டு, சாமி முன்னால் வெட்டினால் அது பதில்.

"சாமி முன்னால விழுந்த தலைக்குச் சாமி முன்னாலதான் பதிலு" என்று உடையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பாள். ஐந்து வருஷம் இந்த ஒரு பேச்சுதான். அவளுக்கு ராத்திரி பகல் ஒரே நினைப்பு: சண்டை மூண்டால் அண்ணன் போவான், அண்ணன் போனால் புருஷன் தூக்குக்குப் போவான். சண்டை மூளாவிட்டால் இரண்டு பேரும் பிழைப்பார்கள்.

ஐந்து வருஷம் புரவியெடுப்பே நடக்கவில்லை, சர்க்கார் தடை போட்டிருந்தது. அறுபதில் மாட்டுக்குக் கோமாரி வந்து ஊரில் பாதித் தொழுவம் காலியாயிற்று. ஐயனாருக்குக் குதிரை வைக்காத குறை என்று இரண்டு கரையும் ஒரே வாயாகச் சொன்னது. சர்க்கார் அதிகாரி, எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒத்துப்போனால் நடத்திக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த வைகாசிக்கு நாள் பார்த்துவிட்டார்கள். யார் பிடிமண் கொடுப்பது என்று மட்டும் யாரும் பேசவில்லை. அவரவர் வீட்டுக் கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துத் துரு துடைத்தார்கள்.

இனி ஆத்மநாதன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆவுடையார்கோவில் பக்கத்து ஆள். பூமிக்குள்ளே என்ன இருக்கிறது, எந்தப் பாறைக்கு எத்தனை கோடி வயசு என்று ஆராய்ந்து, கடல் தாண்டியும் பேர் வாங்கினவர். சர்க்கார் உத்தியோகம் முடித்துப் புதுக்கோட்டை டவுனில் குடியிருந்தார். ஐம்பத்து மூன்றில் மூன்றாம் வருஷமாக மழை இல்லாமல் கருங்குறிச்சிப் பெண்கள் ஒரு குடத்துக்கு நாலு மைல் நடந்தபோது, ஒரு சுத்தியலும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு இந்த மனுஷன் வந்தார். மூன்று நாள் பாறை பாறையாக ஏறி இறங்கினார். ஒரு கல்லை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு போதுமான்னு கேளுங்கடா" என்று யாரோ சொல்ல, ஊரே சிரித்தது.

அவரும் சிரித்தார். "ஒரு கல்லு கம்மி" என்றார். பிறகு ஒரு இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, "இங்க ஐம்பது அடிக்குக் கீழ பாறையில விரிசல் ஓடுது, தோண்டுங்க" என்றார்.

வெடிவைத்து வெடிவைத்துத் தோண்டினார்கள். ஒருவனுக்கு இரண்டு விரல் போயிற்று, ஒருவனுக்கு ஒரு கண். ஐம்பத்திரண்டாம் அடியில் கடைசி வெடிக்குப் பின்னால் புகை அடங்குவதற்குள் தண்ணீர் சீறியது. அதற்குச் சார் கிணறு என்று பேர் வந்துவிட்டது. இரண்டு கரையும் சண்டையில்லாமல் இறைத்த ஒரே கிணறு அதுதான்.

அறுபத்தொன்று தை மாதம். அந்தக் கிணற்றடியில் பெண்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்துச் செபமாலை வாத்தியார் கையில் பேப்பரோடு வந்தார்.

"நம்ம கெணத்து சாருக்கு ஒரு பல்கலைக்கழகத்துல பெரிய மரியாதை பண்ணியிருக்காங்க. வருகைதரு அறிஞர்னு ஒரு பதவி. ஆடி மாசத்துலேர்ந்து ஆறு மாசம்."

"அப்படின்னா என்ன வாத்தியாரே?" என்றாள் மூக்காயி. திருப்பதி வேளாரின் பெண்சாதி, வாய் சும்மா இருக்காது.

"பெரிய ஆளாப் பாத்துக் கூப்பிடுவாங்க. ஒரு ரூம், ஒரு நாற்காலி. தோணுனதப் பேசலாம், தோணுனத எழுதலாம்."

"வேலை?"

"வேலைன்னு இல்ல. அவரு வந்து உக்காந்தாலே அவங்களுக்குப் பெருமை."

"எங்க வீட்டுலயும்தான் அஞ்சு வருசமா ஒருத்தரு குதிரை செய்யாம உக்காந்துருக்காரு. எந்தப் பேப்பர்லயும் போடக் காணோமே."

பெண்கள் குடத்தை இறக்கிவைத்துச் சிரித்தார்கள். செங்கமலம் சிரிக்கவில்லை.

"அந்த நாற்காலிக்கு அங்கன சண்டை வராதாங்க?" என்று கேட்டாள்.

"எப்படித்தா வரும்? அது வெளியாளுக்குன்னே வச்சிருக்கிற நாற்காலி. உள்ளூரு ஆளுங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குக் குடுத்தாத்தான் இன்னொருத்தருக்கு வயிறு எரியும். வெளியூருப் பெரிய மனுசரு வந்தா எல்லாரும் கை தட்டிட்டுப் போயிருவாங்க."

செங்கமலம் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"அப்ப நம்ம பிடிமண்ண அவரே எடுத்துக் குடுத்தா என்னங்க? மண்ணப் படிச்சவரு. வெளியாளு. முதப் பரிவட்டமும் அவருக்கே கட்டிப்புட்டா, மேலக்கரைக்கும் இல்ல, கீழக்கரைக்கும் இல்ல."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "இத நான் சொன்னதாச் சொல்லிக்கிறேன்த்தா. நீ சொன்னதாச் சொன்னா, மேலக்கரை ஒன்னயக் கீழக்கரைம்பாங்க, கீழக்கரை மேலக்கரைம்பாங்க."

அப்படியே நடந்தது. தனக்குக் கிடைக்காதது பற்றி யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை, எதிர்க்கரைக்கும் கிடைக்காது என்றவுடன். கரைக்குப் பத்துப் பேர் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். பிடிமண்ணும் முதல் பரிவட்டமும் ஆத்மநாதன் அவர்களுக்கு. அவ்வளவுதான் காகிதம்.

"யாரு சொன்ன யோசனை இது?" என்று உடையப்பன் வீட்டுக்கு வந்து கேட்டான்.

"வாத்தியாரு."

"சண்டையக் கெடுத்துட்டாரு அந்தாளு" என்று கையைக் கழுவினான். செங்கமலம் அன்றைக்கு ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள்.

சித்திரைக் கடைசியில் பிடிமண். ஆத்மநாதன் சார் அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தார். காய்ந்த கண்மாய்க்குள் இரண்டு கரையும் இரண்டு பக்கமாக நின்றது. அவர் குனிந்து மண்ணை எடுத்தார். கொடுக்கவில்லை. விரலால் தேய்த்தார், முகர்ந்தார்.

"வேளாரே, இதுல சுண்ணாம்பு ஜாஸ்தி. குதிரை சூளையில வெடிக்குமே?"

"சாமி, நூறு வருசமா இந்த எடத்துலதான் எடுக்குறோம்."

"வெடிச்சதில்லையா?"

திருப்பதி வேளார் தலையைச் சொறிந்தார். "நூறு வருசமா வெடிக்குதுதான். தீட்டுப் பட்டுருச்சுன்னு பொம்பளைகளத் திட்டிட்டு மறுபடி செய்வோம்."

சார் பத்தடி அங்கிட்டு நடந்துபோய் வேறு மண் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் குலவை போட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கரையும் குலவை போட்டது அந்தக் கண்மாய்க்குப் புதுசு.

திரும்புகிற வழியில் அடைக்கலம் அவரிடம் கேட்டான், "நீங்க போற காலேசுல எல்லாம் முந்தி பிந்தின்னு சண்டை கிடையாதுங்களா?"

"ஏன் இல்ல? அங்க அரிவாளுக்குப் பதிலா கடுதாசி எழுதுவாங்க."

"கடுதாசின்னா ஆள் சாவுறதில்லையே."

"ஒடனே சாவுறதில்ல" என்றார் சார்.

வைகாசியில் பதினாலு குதிரை சூளையிலிருந்து வந்தது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. மூக்காயி தெருத்தெருவாகப் போய், "பாத்துக்கங்க, இனிமே எங்களத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திருவிழா அன்றைக்குப் பன்னிரண்டு போலீஸ் வந்திருந்தார்கள். கோவில் பொட்டலுக்குள் நுழைகிற ஒவ்வொரு ஆம்பளையையும் தடவிப் பார்த்தார்கள். சூரிக்கத்தியைப் பிடுங்கினார்கள், கதிரரிவாளைப் பிடுங்கினார்கள், ஒரு கிழவரின் பாக்குவெட்டியைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஐயனாருக்கு இடப்பக்கம் கருப்பருக்கு நேர்ந்து நட்டுவைத்த அரிவாள்கள் இருபது முப்பது, ஆள் உயரத்துக்கு நின்றன. சாமியை யார் தடவிப் பார்ப்பது? குதிரையைத் தூக்கிவந்த மூங்கில்களும் ஆளுக்கொன்றாகக் கையில்தான் இருந்தன.

உச்சி வெயில். பொட்டல் முழுக்கப் பெண்கள் மும்மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்துப் பொங்கல் வைத்தார்கள். செங்கமலமும் ஒரு அடுப்பு வைத்திருந்தாள். குதிரைகளை இறக்கிக் கண் திறந்து தீபாராதனை ஆயிற்று. திருப்பதி வேளார் தாம்பாளத்தோடு வெளியே வந்து, ஆத்மநாதன் சாரின் தலையில் சிவப்புப் பட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். திருநீறு பூசினார். மேளம் உருட்டியது. சார் கூச்சத்தோடு கைகூப்பினார். செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேளம் நின்றது.

தாம்பாளத்தில் இன்னொரு பட்டு இருந்தது.

அந்தப் பட்டைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை கண்ணுகளா. காகிதம் எழுதிய அதிகாரி யோசிக்கவில்லை, வாத்தியார் யோசிக்கவில்லை, செங்கமலம் யோசிக்கவில்லை. முதலாவது யாருக்கு என்றே பதிமூன்று வருஷம் அடித்துக்கொண்டவர்கள், அது தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிவிட்டார்கள்.

வேளார் தட்டோடு நின்றார். வலப்பக்கம் மேலக்கரை, இடப்பக்கம் கீழக்கரை.

"இங்கிட்டு வாங்க வேளாரே" என்றது மேலக்கரையில் ஒரு குரல். "எங்க மொதலாவத விருந்தாளிக்கு விட்டுக் குடுத்தோம். அடுத்தது எங்களுக்கு."

"அதெப்படி?" என்றான் அடைக்கலம். "எந்தக் காலத்துலயும் ரெண்டாவது கீழக்கரைக்குத்தான். நீங்க விட்டுக் குடுத்தது ஒங்க பங்க. எங்க பங்க யாரு விட்டது?"

"அப்ப நாங்க மூணாவதா நிக்கணுமா, ஒனக்குப் பின்னால?"

"நின்னா காலு வலிக்குமோ மச்சானுக்கு?"

யாரோ சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வேளார் தாம்பாளத்தை வைக்க இடம் தேடித் தலையைத் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினார் என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. இந்தப் பக்கமிருந்து ஒரு மூங்கில் அவர் தலையில் இறங்கியது, அதே மூச்சில் அந்தப் பக்கமிருந்து ஒன்று. தேங்காய் உடைகிற மாதிரிதான் சத்தம். தாம்பாளம் உருண்டோடியது. வேளார் உட்கார்ந்த வாக்கில் சரிந்தார்.

அப்புறம் மனுஷரை மனுஷர் என்று யார் பார்த்தது? மூங்கில் மூங்கிலோடு மோதிப் பிளந்தது. பிளந்த சிம்பால் முகத்தில் கீறினார்கள். குதிரைகளைத் தள்ளினார்கள். வெடிக்காத குதிரை பதினாலும் தரையில் மோதி வெடித்தன. உடைந்த மண்காலை எடுத்து வாயில் அடித்தார்கள், பல் தெறித்தது. பொங்கல் பானை உருண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் காலில் கொதிக்கக் கொட்டியது. போலீஸ்காரர் ஒருவரின் தொப்பியோடு தலைத்தோல் கிழிந்து தொங்கியது. கருப்பர் வாசலில் நட்டிருந்த அரிவாள்களைக் கரும்பு பிடுங்குகிற மாதிரி பிடுங்கினார்கள். பழைய அரிவாள், துருப்பிடித்தது, மொட்டை. அதனால் வெட்டவில்லை, பிய்த்தது.

ஆத்மநாதன் சார் ஓடவில்லை. தலையில் பட்டோடு வேளாரின் மேல் கவிழ்ந்து படுத்தார். அவர் முதுகில் இரண்டு அடி விழுந்தது, மூன்றாவது அடியில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவருக்குக் கீழே வேளார் அப்போதே செத்துப்போயிருந்தார். அது அவருக்குத் தெரியாது.

செங்கமலம் புருஷனைத் தேடினாள். கருப்பர் வாசலிலிருந்து ஒரு அரிவாளோடு அவன் வருகிறதைப் பார்த்தாள். அவன் ஓடி வரவில்லை. கூட்டத்துக்கு நடுவே, கடையில் சாமான் தேடுகிற மாதிரி, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தான். அவள் அண்ணன் அடைக்கலம் உடைந்த குதிரையின் வயிற்றுக்குள் கால் மாட்டி மல்லாக்க விழுந்து கிடந்தான். உடையப்பன் பார்த்துவிட்டான்.

"மச்சான்" என்றான் உடையப்பன். அன்பாகக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அரிவாளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கினான்.

அவளுக்கு எட்டினது அவள் அடுப்புதான். மூன்று கல்லில் ஒன்றை, உள்ளே தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, வெறுங்கையால் பெயர்த்துத் தூக்கினாள். உள்ளங்கைத் தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டது. நாலு எட்டில் ஓடி, புருஷனின் வலது முழங்கையில் கல்லோடு விழுந்தாள். எலும்பு நொறுங்கியது அவள் காதுக்குக் கேட்டது. அரிவாள் சாய்ந்து விழுந்து அடைக்கலத்தின் தோளில் ஒரு பிடி சதையை எடுத்துக்கொண்டு மண்ணில் குத்தியது. உடையப்பன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கையில் இன்னும் கல் இருந்தது.

"இன்னொரு தடவ ஓங்குனா இன்னொரு கையையும் ஒடைப்பேன்" என்றாள்.

அவன் உட்கார்ந்துவிட்டான். போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அதுவரைக்கும் நடந்தது கால் மணி நேரம்கூட இல்லை என்றார்கள். செத்தது திருப்பதி வேளார் ஒருவர்தான். மரியாதை கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

உடையப்பனின் கை முழங்கையில் மடங்காமல் கட்டை மாதிரி நின்றுபோயிற்று. செங்கமலத்தின் உள்ளங்கை இரண்டும் சுருங்கிப்போயின. பிறகு ஆயுசுக்கும் அவளால் கையை முழுக்க விரிக்க முடியவில்லை.

ஒரு மாசம் கழித்து, முறிந்த தோளுக்குத் துணியில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆத்மநாதன் சார் மூக்காயி வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போறேன்மா. அந்தப் பதவி வேண்டாம். எனக்குப் பண்ணுன மரியாதையால ஒங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. இனிமே எங்கயும் எனக்கு மரியாதை வேண்டாம்."

 வாய் ஓயாத மூக்காயிக்கு இப்போதெல்லாம் பேச்சு தேடித்தான் வந்தது.

"நீங்க வேண்டாம்னு எந்திரிச்சா அந்த நாற்காலி காலியா கெடக்கும். அதுக்கு ரெண்டு பேரு வருவாங்க. அங்கயும் ஒரு வேளாரு தட்டோட நிப்பாரு. போய் உக்காருங்க சாமி."

அவர் போனார். ஆடியில் அந்தப் பல்கலைக்கழகத்து மேடையில் பொன்னாடை போர்த்த வந்தபோது தலை குனியாமல் கையில் வாங்கிக்கொண்டாராம். ஆறு மாசமும் ஒற்றைக் கையால் கரும்பலகையில் பாறைப் படம் போட்டுப் பாடம் நடத்தினாராம்.

நடுவிலே சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கும் வந்தார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வேளாரை இரண்டு மூங்கில் அடித்தது, மேலக்கரையிலிருந்து ஒன்று, கீழக்கரையிலிருந்து ஒன்று, அடித்தவர்கள் இன்னார் இன்னார் என்று கைகாட்டினார்.

"எந்த அடி முந்தி விழுந்தது?" என்று வக்கீல் கேட்டார்.

"அதத்தான் ஐயா அந்த ஊரும் கேட்டது" என்றார் சார்.

உடையப்பனின் கையை உடைத்தது யார் என்று கேட்டபோது, "நான் வேளார் மேல குப்புறப் படுத்திருந்தேன். அப்ப நான் பாத்தது மண்ண மட்டும்தான்" என்றார். அதுவும் உண்மைதானே. அடைக்கலத்தை வெட்டியது யார் என்று அடைக்கலமே சொல்லவில்லை. கூட்டத்தில் தெரியவில்லை என்றுவிட்டான். வேளாரை அடித்த இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

கோர்ட்டு முடிந்த மறுவாரம் ஒரு காலை, உடையப்பன் கொல்லையில் இருக்கும்போது, அடைக்கலம் தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்தான். ஐந்து வருஷமாக மிதிக்காத வாசல். தோளில் கட்டுப் பிரித்த தழும்பு சிவப்பாக இருந்தது.

"கும்புடத்தான் வந்தேன்த்தா. நீ இல்லேன்னா நான் இல்ல."

செங்கமலம் சுருங்கின கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்குக் கண்மாய்க்குள்ள எங்க மூத்தாரு கழுத்துல விழுந்தது யாரு வெட்டு?"

அடைக்கலம் தரையைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். உயிர் கொடுத்தவளிடம் அவனுக்கு அது வரவில்லை போலிருக்கிறது.

"என் வெட்டுத்தான்" என்றான்.

கொல்லையில் உடையப்பன் இடது கையால் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஒரு அடி, அப்புறம் வெகுநேரம் கழித்து ஒரு அடி. இடது கை இன்னும் பழகவில்லை. ஆனால் பழகிக்கொண்டிருந்தது.

"கட்டுமாவடிக் கடக்கரைப் பக்கம் வள்ளத்துல வேலைக்கு ஆளு கேக்குறாங்கன்னு சொன்னாங்க" என்றாள் செங்கமலம். "போயிரு. இன்னைக்கே. நான் செத்தாலும் சொல்லி அனுப்ப மாட்டேன், நீயும் வராத."

"ஆத்தா..."

"ஒன்னயக் காப்பாத்துனேன். மறுக்கா என்னால முடியாது. கையப் பாரு."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவன் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தெருமுனை வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கூடப்பிறந்தவன் முதுகு மறைகிறதைப் பார்க்கிறது லேசா? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

விறகுச் சத்தம் நின்றிருந்தது. உடையப்பன் இடது கையில் கோடாலியோடு நடைக்கு வந்து நின்றான்.

"யாரு வந்தா?"

"எங்க அண்ணே."

"என்னவாம்?"

"கட்டுமாவடிக்குப் பொழைக்கப் போறாராம். சொல்லிட்டுப் போக வந்தாரு."

உடையப்பன் கோடாலியின் வாயைக் கட்டைவிரலால் தடவினான். "நீ கேட்டியா? அன்னைக்கு எங்கண்ணன வெட்டுனது அவன்தானான்னு?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவள் நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவன் கண்.

"ஐயனார் மேல சத்தியமா அவரு வெட்டலையாம்" என்றாள்.

 உடையப்பன் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அது சாய்ந்து விழாமல் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, சுவரோரமாகக் குந்தினான்.

"அப்ப வெட்டாதவனப் போயி நான் வெட்ட இருந்தேன்" என்றான்.

"ஆமாங்க" என்றாள் செங்கமலம். உலையில் அரிசி போட உள்ளே போனாள்.